ஆசானின் ஈ

ஜனவரி 14, திங்கள்
கென்ட்டிலிருந்து பேராசிரியர் வான் ஹெக்கே பதில் போட்டிருக்கிறார். என் கடையில் விற்பனைக்கு இருக்கும் பூச்சாடி ஓவியத்தைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறாராம். பழைய ஃபிளெமிஷ் ஓவிய ஆசான் தன் கையால் வரைந்ததுதான் என்று அவர் ஒரு வரி எழுதினால் அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் ஆண்ட்வெர்ப்பில் கடையை மூடிவிட்டு அக்கா வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். வசந்தத்து டூலிப்பும் கோடைக்கால ரோஜாவும் ஒரே சாடியில் எப்படி என்று நானூறு வருஷமாக யாரும் கேட்கவில்லை. யார் வரைந்தது என்று மட்டும் கேட்கிறார்கள்.

ஜனவரி 15
அழுக்கெடுக்க, கடையில் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் பாவோவிடம் கொடுத்தேன். முப்பது வருஷமாகப் பஞ்சில் எச்சில் தொட்டுத்தான் துடைக்கிறான். அதைவிட நல்ல மருந்து கிடையாதாம். வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்வதில்லை.

ஜனவரி 16
ஈ போய்விட்டது.
ஓவியத்தில் ரோஜா இதழ் மேல் வரைந்திருந்த ஈ. பாவோ துடைத்த பஞ்சோடு வந்துவிட்டது.
"அழுக்குன்னு நெனச்சுட்டேன், மார்லேன்."
"அழுக்குக்கு ஏதுடா ஆறு காலும் றெக்கையும்?"
பேராசிரியரின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் அனுப்பிய புகைப்படத்தில் கண்ட அந்த ஈயை நேரில் பார்க்கத்தான் வருகிறாராம். ஐயோ, நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

ஜனவரி 17
ஜன்னலோரம் செத்துக் கிடந்த ஈ ஒன்றைப் பார்த்து பாவோ புது ஈ வரைந்துவிட்டான். "கொஞ்சம் கொழுத்துப்போச்சு" என்கிறான். இது தப்பு. நாளைக்குப் பேராசிரியரிடம் சொல்லிவிடுவேன். முதலில் காபி கொடுத்துவிட்டு — பிறகு.

ஜனவரி 18
வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாற்பது நிமிடம் பூதக்கண்ணாடியும் கையுமாக நின்றார். காபி ஆறிப்போனது.
"பூவெல்லாம் சீடப் பசங்க வேலைம்மா. இலை சுமார்தான். ஆனா இந்த ஈ இருக்கே, ஆசானைத் தவிர வேற யாராலயும் இப்படிப் போட முடியாது."
"பேராசிரியரே, அந்த ஈ வந்து—"
"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் எத்தனை ஈ பாத்திருக்கேன்."
சொல்லாமலே வேறு காபி போட்டுக் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிட நிம்மதியாக இருக்கிறது.

பிப்ரவரி 6
அருங்காட்சியகம் வாங்கிவிட்டது.

மே 12, ஞாயிறு
ஓவியத்துக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். ஈக்கு மட்டும் ஒரு குட்டி விளக்கு. பூக்களைச் சீந்துவாரில்லை. பாவோவும் டிக்கெட் எடுத்து வரிசையில் நின்று என்னோடு வந்தான். இறக்கையில் ஏதோ சரியில்லை என்று குனிந்தான். காவல்காரப் பெண் ஓடிவந்தாள்.
"தள்ளி நில்லுங்க பெரியவரே. உங்க மூச்சு பட்டாலே கெட்டுப்போயிடும்."
பாவோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றான்.