ஒரே வகுப்பில் இரண்டு டீச்சர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலை மட்டும் விசாரிக்காமல் விட்டால் இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். அம்மா குரல் ஏன் சுரத்தில்லாமல் இருந்தது என்று கேட்டாயே, அவள் சொல்ல மாட்டாள், நான் சொல்கிறேன். இந்த வருஷம் இரண்டாம் வகுப்புக்கு அவளோடு இன்னொரு டீச்சரையும் போட்டிருக்கிறார்கள். உன் வயதுதான் இருக்கும், தங்கமான பெண். ஆனால் அம்மா ஒரு பிள்ளையை அதட்டினால், அந்தப் பெண் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன ஆச்சு என்று கேட்பாளாம். பிள்ளைகள் விடுவார்களா, அம்மாவிடம் நடக்காததை அந்தப் பெண்ணிடம் நடத்திக்கொண்டார்கள். அம்மா அங்கே பிள்ளைகள் முன்னாலேயே அந்தப் பெண்ணைத் திருத்தினாள், வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினாள்.

போன வாரம், வாலு என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி பக்கத்துப் பிள்ளையின் படத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். அம்மா வெளியே போய் நில் என்றாள், புது டீச்சர் உள்ளே வா என்றாள். குழந்தை ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்று, யாருக்குக் கீழ்ப்படிவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். அவளைத் தூக்க இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஓடியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் நம் வீட்டுக்கே வந்து, வேறு வகுப்பு கேட்கப் போவதாகச் சொன்னாள். "பசங்க முன்னாடி நீங்க என்னைத் திருத்தும்போது நானும் அந்தப் பசங்கள்ல ஒருத்தி ஆயிடுறேன் டீச்சர்" என்றாள். அம்மா அவளை உட்காரச் சொன்னாள். பிறகு, "நீ அவளை உள்ள கூப்பிட்டப்ப, என்னை வெளிய நிக்க வச்ச மாதிரி இருந்துச்சும்மா" என்றாள். நான் டீ போடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் பேசி முடித்திருந்தார்கள். ஒருத்தி ஆரம்பித்ததை இன்னொருத்தி பிள்ளைகள் முன்னால் மாற்றுவதில்லை, சண்டையெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு.

திங்கட்கிழமை வாலு மறுபடியும் வம்பு செய்ய, புது டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாளாம். அம்மா கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்ததாம், வாய் திறக்கவில்லை. நேற்று மணி அடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் போட்ட சண்டையில் காவலாளி ஓடி வந்து எட்டிப் பார்த்தாராம், பார்த்தால் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். அந்தப் பெண் வகுப்பு மாறவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசிகள். அம்மாவுக்குப் போன் செய், யார் பக்கம் நியாயம் என்று மட்டும் கேட்டுவிடாதே, பிறகு வைக்க மாட்டாள்.

அன்புடன்,
அப்பா