பலகையின் மூலையில் ஒரு பெயர்

ஜூலை 2

ஜன்னலோர மூன்றாம் பெஞ்சில் பகலில் உட்காரும் பிள்ளைக்கு,

என் எழுத்து குண்டும் குழியுமாக இருக்கும், பொறுத்துக்கொள் கண்ணு. இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. நான் பெயின்டர். நாற்பது வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைகளுக்குக் கறுப்பு பூசுகிறேன், அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே. இப்போது மாலை வகுப்பில் உன் இடத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். முழங்கால்தான் பெஞ்சுக்குள் நுழைய மாட்டேன் என்கிறது.

போன வாரம் பலகை மூலையில் இருந்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை! வீட்டுப்பாடம் என்று நினைத்து இருபது தடவை எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பெரியவரே, அது பாடமில்ல. பகல்ல உங்க எடத்துல உக்கார்ற பொண்ணுக்கு நான் வெச்ச பேரு."

பலகையில் இருந்தது இதுதான்: 'ஊமைக்கோட்டான். அழிக்காதே.'

இருபது தடவை எழுதிவிட்டேனே! தாளைக் கிழித்துப் போட்டேன். மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
பெயின்டர் தாத்தா

ஜூலை 4

பெயின்டர் தாத்தாவுக்கு,

மேசை இடுக்கில் உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. 'ழ' மட்டும் படுத்துத் தூங்குகிறது.

ஒரு நாள் சார் கேள்வி கேட்டபோது எனக்குக் குரலே வரவில்லை. அன்றிலிருந்து வருகைப்பதிவில் கூப்பிடுவதும் அந்தப் பேரைச் சொல்லித்தான். எல்லாரும் கோட்டான் மாதிரி கத்துவார்கள். நான் "உள்ளேன் ஐயா" சொல்வது எனக்கே கேட்காது. திங்கட்கிழமை முதல் வர மாட்டேன். அம்மாவிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிடுவேன். சாரிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

என் ரப்பர் உள்ளே இருக்கிறது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பெஞ்சு

ஜூலை 5

கண்ணு,

உன்னைப் பற்றி வாத்தியாரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் இன்று எல்லாரையும் பலகையில் அவரவர் பெயரை எழுதச் சொன்னார் வாத்தியார். மாலையில் அவர் தங்கமான மனிதர். எங்கள் கையைப் பிடித்து எழுத வைப்பார். நான் வேண்டுமென்றே கடைசியில் எழுந்தேன். அந்த மூலையைத் தவிர இடமே இல்லை. டஸ்டரை எடுத்தேன்.

"அதத் தொடாதீங்க பெரியவரே!"

"எம் பேருக்கு எடம் வேணுமே ஐயா."

"கீழ எங்கயாவது எழுதுங்க."

"நாப்பது வருஷமா என்ன இருக்குன்னு தெரியாம அழிச்சவன் நான். இப்ப நீங்க படிக்கக் கத்துக்குடுத்திருக்கீங்க. படிச்சுப் பாத்துட்டுத்தான் அழிக்கிறேன்."

"நல்லா அழுத்தி அழிங்கண்ணே!" என்றாள் என்னோடு படிக்கும் மளிகைக்கடைக்காரம்மா. வாத்தியாருக்குக் காது சிவந்தது. அங்கே என் பெயரை எழுதினேன். கீழே இருந்த 'அழிக்காதே'யை அப்படியே விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வந்து பாரேன். ரப்பர் அங்கேயே இருக்கிறது, அது உன்னுடையது. ஒரே மூச்சில் எழுதியதால் கை வலிக்கிறது. நீ வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் இதே இடுக்கில் என் கடிதம் இருக்கும்.

பெயின்டர் தாத்தா

ஜூலை 9

தாத்தா,

சனிக்கிழமை ஆளில்லாத வகுப்பில் உங்கள் கடிதத்தை எடுத்தேன். திங்கட்கிழமை வந்தேன். உங்கள் பெயர் அழியாமல் இருக்கிறது, மாடிப்படி மாதிரி மேலே மேலே ஏறிக்கொண்டு.

வருகைப்பதிவில் என் முறை வந்ததும் சார் நின்றுவிட்டார். மூலையைப் பார்த்தார். பிறகு ரெஜிஸ்டரில் விரல் வைத்துத் தேடினார். என் பெயர் அவருக்கு மறந்தே போயிருந்தது. கண்டுபிடித்து, மெதுவாகப் படித்தார், நீங்கள் எழுத்துக்கூட்டுவது போல.

"உள்ளேன் ஐயா" என்றேன். எனக்கே கேட்டது.

ரப்பரைப் பாதியாக வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். உங்கள் 'ழ'வுக்கு மட்டும். பலகையில் இருக்கும் பெயரைத் திருத்த வேண்டாம்.

மூன்றாம் பெஞ்சு