வதனிக்குக் கைதட்டல்

6 ஆகஸ்ட் 1984, திங்கள்

பகலெல்லாம் புழுக்கம். சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கினால் மழை. குடை ஸ்டாஃப் ரூமில்.

10-பி. இரண்டாம் உலகப் போர். யூதர்களைக் கொன்று குவித்தது பற்றிப் புத்தகத்தில் ஒரே வரி. அப்படியே தாண்டிப் போக மனம் வரவில்லை. லைப்ரரி பத்திரிகையில் படித்திருந்தேன், முகாமிலிருந்து உயிர் தப்பிய ஒரு அம்மாளின் பேட்டி. அதைச் சொன்னேன். பிறகு ரவி, "மிஸ், நெஜமாவே நடந்துச்சா? கதை மாதிரி கீது."

கடைசி பெஞ்சில் வதனி தலையைக் குனிந்தபடி. கொழும்புப் பெண். போன வருஷக் கலவரத்துக்குப் பிறகு அம்மாவோடு தப்பி வந்தவள். ஒரு யோசனை.

8, புதன்

ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. வீண் அலைச்சல்.

வதனியைப் பேச வைத்தேன். "நீ சொல்றியாம்மா?" என்று கேட்டுத்தான். வகுப்பே திரும்பிப் பார்க்கும்போது கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள்?

மெல்லச் சொன்னாள். வாசலில் கூட்டம், பின்கதவு வழியாக ஓட்டம். தம்பி மட்டும் புதுச் சப்பாத்தை எடுக்கத் திரும்பி ஓடினானாம். 'சப்பாத்து' என்றதும் முன் வரிசையில் சிரிப்பு. சிரித்தவர்களை அதட்டினேனா? இல்லை. "ஷூன்னு சொல்லும்மா, இவங்களுக்குப் புரியாது" என்று அவளைத் திருத்தினேன்.

தம்பி செத்ததோடு நிறுத்தினாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேச்சுப் போட்டி நடத்தி நடத்திப் பழகின வாய். "வெரி குட். எல்லாரும் கைதட்டுங்க."

தட்டினார்கள். அவள் "தாங்க்யூ டீச்சர்" என்றாள்.

சீ.

10, வெள்ளி

ஹெச்.எம். கூப்பிட்டார்கள். கைதட்டல் வராந்தா வரை கேட்டதாம். "இந்தப் பொண்ணை ஆகஸ்ட் ஃபிஃப்டீன்த் ஸ்டேஜ்ல பேச வைங்க. குறத்தி டான்ஸ் முடிஞ்சதும் அஞ்சே நிமிஷம். சீஃப் கெஸ்ட் கண்ணுல தண்ணி வந்துடும்."

"சரி மேடம்."

வீட்டுக்கு வந்த பிறகு, மறுத்துச் சொல்ல எத்தனையோ வழி தோன்றுகிறது. அங்கே ஒன்றுகூட வரவில்லை.

11, சனி

கேஸ் புக் பண்ண வேண்டும். இவர், பையனுக்கு 15-ஆம் தேதி டிரில்லுக்கு வெள்ளை ஷூ வாங்கி வந்தார். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

சேலையூரில் வதனி வீட்டுக்குப் போனேன். அம்மாவே வேண்டாம் என்றுவிட்டால் நான் தப்பித்தேன் என்கிற கணக்கு. கோழைதான் நான்.

அந்த அம்மா அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். மேடைப் பேச்சு விஷயத்தைச் சொன்னேன். "பள்ளிக்கூடத்தில கதைச்சதிலயிருந்து பிள்ளை நித்திரை கொள்ளுறேல்ல, டீச்சர்."

"அப்போ வேண்டாம்னு சொல்லிடுங்களேன்."

"டி.சி. எரிஞ்சு போச்சு எண்டதும் ஒரு கேள்வியும் கேளாமச் சேர்த்தனீங்கள். நாங்கள் மாட்டம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் சொல்லுங்கோவன்."

திங்கட்கிழமை ஹெச்.எம்.மிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

13, திங்கள்

மழை. குடை கிடைத்தது, ஒரு கம்பி உடைந்து.

காலையில் ஹெச்.எம். ரூமில் ஆள். இரண்டாவது பீரியட் எட்டிப் பார்த்தேன், போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மையில், திரும்பி வந்தபோது எனக்கு நிம்மதி.

மதியம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வதனி. மனப்பாடம் செய்துவிட்டாளாம். தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். 'ஷூ' என்றே சொன்னாள்.

முடித்துவிட்டுக் கேட்டாள். "டீச்சர், தம்பி செத்ததை முதல்ல சொல்லவோ, கடைசியில சொல்லவோ? எது நல்லா இருக்கும்?"

"கடைசியில" என்றேன்.