எண்ணிக்கை குறைந்த அன்று

உன் தம்பியின் பட்டாசுக் கம்பெனிக்கு இன்று காலை போயிருந்தேன். வெளியூர் ஆர்டர்காரருக்காகப் பத்தாயிரம் வாலா ஒன்றைக் கொளுத்திக் காட்டினார்கள். அந்தக் கந்தகப் புகை மூக்கில் ஏறியதும் உன்மேல் கோபம் வந்தது. செத்துப்போனவன்மேல் கோபப்படுவது நல்ல பழக்கமில்லைதான். என்ன செய்ய, வருகிறது.

சாத்தூரிலிருந்து போய் பெங்களூரில் ஒரே ஆய்வகத்தில் சேர்ந்தவர்கள் நாம். சூரியன் சீறும்போது பாய்ந்துவரும் புரோட்டான்களைச் செயற்கைக்கோளில் இருக்கும் கருவி எண்ணி அனுப்பும். எண்ணிக்கை அளவு மீறினால் அதே செயற்கைக்கோளில் இருக்கும் கேமராவை அணைக்கச் சொல்வது நம் பொறுப்பு. கெட்டால் போய் மாற்ற முடியாத கேமரா.

இரண்டாயிரத்து மூன்றில், தீபாவளி முடிந்த வாரம். எண்ணிக்கை விறுவிறுவென்று ஏற, கேமராவை அணைத்தார்கள். பிறகு மடமடவென்று இறங்கியது. புயல் அடங்கிவிட்டது, கேமராவைப் போடலாம் என்றார் தலைமை விஞ்ஞானி. நானும் தலையாட்டினேன். நீ என் பக்கம் திரும்பினாய்.

"ஏலே, அது ஒன்னும் கொறையல. கருவி திணறுது. சரவெடி மொத்தமா வெடிக்கையில ஒன்னொன்னா எண்ண முடியுமா? காது அடைச்சுப்போகும். அதுக்காக வெடிக்கலைன்னு சொல்லுவியா?"

தடித்த உலோகத் தகட்டுக்குப் பின்னால் இன்னொரு கருவி இருந்தது. மிக வேகமான புரோட்டான்கள் மட்டுமே துளைத்துக்கொண்டு அதற்குப் போய்ச் சேரும். கூட்டம் குறைவு, அதனால் அது திணறவில்லை. அதன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்ததை நீ காட்டினாய். கேமரா தப்பியது. தலைமை விஞ்ஞானி உனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "எங்கப்பாவா இருந்தா பிரியாணியே வாங்கித் தந்திருப்பாக" என்று என் காதில் முணுமுணுத்தாய்.

நாலைந்து வருடம் கழித்துப் பொங்கலுக்கு ஊருக்குப் போன நீ, நெஞ்சு வலிக்கிறது என்று போன் செய்தாய். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். சரி என்றவன், கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டாய்.

"கொறஞ்சிருச்சுலே. வெறும் வாய்வு. சோடா குடிச்சேன், சரியாப்போச்சு."

எவ்வளவு சொல்லியும் நீ கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே போனை வைத்தாய். மறுநாள் உன் தம்பிதான் அழுதுகொண்டு கூப்பிட்டான். கோடிக்கணக்கில் செலவழித்து அனுப்பிய கருவியையே நம்பாதவன், உன் நெஞ்சு சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாய். ஓர் ஈசிஜி எடுத்துப் பார்க்க உனக்குத் தோன்றவில்லையே, பாவி.

அன்றிலிருந்து, குறைந்துவிட்டது என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. காய்ச்சல் இறங்கிய பிள்ளையைக்கூட டாக்டரிடம் இழுத்துப் போவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

இன்று சரம் வெடித்து முடிந்ததும் உன் தம்பி சொன்னான்: "விடியக்காலம் நெஞ்சைப் பிசைஞ்சுச்சுண்ணே. இப்பக் கொறஞ்சிருச்சு."

ஆர்டர்காரரை அப்படியே விட்டுவிட்டு அவனைக் காரில் ஏற்றினேன். "ஒன்னும் இல்லண்ணே, எதுக்கு இம்புட்டு அவசரம்?" என்று விருதுநகர் வரைக்கும் சண்டை போட்டான். நான் வண்டியை எங்கேயும் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். டாக்டர் இப்போதுதான் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "அடைப்பு இருக்கு. நல்ல நேரத்துல கூட்டியாந்தீக. பொழச்சுக்கிடுவார்."

இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.