பான்ட்ரி குடாவுக்குக் கவிதா போகிறாள்

மார்ச் 3, செவ்வாய்

காலை மைனஸ் பதினாறு. அக்காடி மெட்ரோ நிலைய வாசல் முழுக்க வழுக்கல். வாங்க வேண்டியது: பால், மகனுக்குக் கையுறை.

அயர்லாந்துக்குக் கவிதாவை அனுப்புகிறார்களாம். மானேஜர் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பான்ட்ரி குடாவின் கடல் வரைபடத்தை இரண்டு வருடம் இருந்து கீறியவள் நான். அங்கே மட்டி வளர்க்கிறவர்களுக்கு அதை விளக்கப் போகிறவள், சென்னையிலிருந்து வந்து எட்டு மாதமே ஆன அவள். நான் கறிவேப்பிலை. வயிறு எரிகிறது. இங்கே எழுதினால் யாருக்கு என்ன.

மார்ச் 4, புதன்

பனித் தூறல். சாப்பாட்டு நேரத்தில் கவிதா, அங்கே பேசப்போவதை என் முன்னால் பேசிப் பழகினாள். நீண்டு ஒடுங்கிய குடா. மேற்கே அத்திலாந்திக்கைப் பார்த்த அகன்ற வாசல், உள்ளே போகப் போக ஒடுக்கம். வடக்கே பியரா குடாநாடு, தெற்கே ஷீப்ஸ் ஹெட். பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல் ஏறியதால் வந்த ஆழம். எல்லாம் என் வசனங்கள். அவள் சொல்லும்போது இன்னும் வடிவாக இருந்தது, அதுதான் கொடுமை.

பிறகு படம். வாசலில் இருக்கவேண்டிய பியர் தீவு உள்ளே, பான்ட்ரி ஊருக்குப் பக்கத்தில். ஊருக்குப் பக்கத்து விடி தீவு வாசலில்! என் படத்துக்கு நிறம் மாற்றப் போய்ப் பெயர்களையும் மாற்றிவிட்டாள். எப்படி இருக்கிறது அக்கா என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன்.

சொல்லவில்லை. ஊர்க்காரர் முன்னால் நின்று முழிக்கட்டும். இரண்டு கரண்டி சோறு கூடவே இறங்கியது.

மார்ச் 5, வியாழன்

இரவு என் மனுசனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "அது பிழையப்பா. நாளைக்கே சொல்லிப்போடும்" என்றார். பேந்து பாப்பம், இப்ப என்ன அவசரம் என்றேன். இவருக்கென்ன, நல்லவர்.

மார்ச் 6, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். கவிதாவுக்கு நாளை விமானம். சொல்லிவிடுவோம் என்று முதலில் என்னுடைய மூலப் படத்தைத் திறந்தேன். அதிலும் தீவுப் பெயர்கள் மாறித்தான் இருக்கின்றன. பிழை என்னுடையது. கீழே என் பெயர்.

அவள் மேசைக்குப் போனேன். வாய் திறக்குமுன் அவளே மெல்ல, "அக்கா, உங்க மேப்ல ரெண்டு தீவு பேரும் மாறியிருந்துச்சு. நேத்துதான் பார்த்தேன், மாத்திட்டேன். மானேஜர்கிட்ட சொல்லலை" என்றாள். அங்கே பேசும்போது வரைந்தது யார் என்று முதலில் என் பெயரைச் சொல்லப் போகிறாளாம்.

"ஓம், சரி" என்றேன். நன்றி வரவில்லை.

அயர்லாந்து போனால் போகட்டும். நல்ல மனமுமா அவளுக்கே?