எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

கறம்பக்குடி,
தீபாவளிக்கு மறுநாள்.

அன்பு மகள் இளமதிக்கு அப்பா எழுதுவது. அந்த டப்ளின் குளிருக்கு ஈடுகொடுத்து நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, சர்க்கரை கூட அடங்கித்தான் இருக்கிறது. தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, இதென்ன கடுதாசி என்று கேட்பாய். போனில் சொல்லப் போனால் நான் இங்கே அழுவேன், நீ அங்கே அழுவாய், பிள்ளை மிரண்டுவிடும். நேற்று நீ கேட்டபோது பழப்பலகை பிரமாதம், வந்தவர்கள் ஒன்று விடாமல் சாப்பிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். நீ கேட்ட போட்டோவை அனுப்பாததும் அதனால்தான்.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, பலகாரம் நாலு வீட்டிலிருந்து வரும், வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், இதுதானே வழக்கம். உன் அம்மா இருந்தவரை தீபாவளியன்று நம் வாசற்படி ஏறிய யாரும் வாயில் ஒன்று போடாமல் இறங்கியதில்லை. அவள் போன ஆறே மாதத்தில் கைநீட்டி வாங்குகிற வீடாகிவிட்டதே என்று எனக்கு ரோஷம். அந்தப் புலம்பலைக் கேட்டுத்தான் நீ பலகை யோசனை சொன்னாய், உங்கள் ஊரில் விருந்தாளி வந்தால் அடுப்பே பற்றவைக்காமல் மரப்பலகையில் பழமும் முந்திரிப் பருப்பும் பரப்பி வைப்பார்களாமே. இதற்கு நாலு நாள் முன்னால்தான் உன் சித்தப்பா சந்தனம் வந்து, முதல் வருடம், மதினிக்குப் புதுச்சேலை வைத்துப் படைக்க வேண்டும் என்றான். என் வீட்டில் யாருக்கும் படைக்க வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். படைத்துவிட்டால் அவள் செத்துப்போனவள் ஆகிவிடுவாள் என்று இந்த முட்டாள் மனசுக்கு ஒரு நினைப்பு.

நீ சொன்னபடி ஒன்று விடாமல் செய்தேன் மகளே. புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய் ஆதனக்கோட்டை முந்திரி, பேரீச்சை, திராட்சை, அந்த வெள்ளைச் சீஸ் எல்லாம் வாங்கி வந்தேன், கொய்யா மட்டும் நம் சந்தையில். எங்கள் கல்யாண மணைப்பலகையைக் கழுவித் துடைத்தேன். இடைவெளி தெரியாமல் அடுக்கு என்றாய், முப்பது வருடம் கண்டக்டர் வேலை பார்த்தவனுக்கு நெருக்கி உட்காரவைக்கத் தெரியாதா, உள்ளே போ உள்ளே போ என்று முந்திரியைத் தள்ளித் தள்ளித் திராட்சைக்கு இடம் பிடித்தேன். சீஸைச் சின்னச் சின்னக் கட்டியாக நறுக்கினேன். கலருக்குப் பூ வை என்றாய், சாமந்தி வைத்தேன். போட்டோவுக்கு வெளிச்சமான இடம் பார் என்றாய், ஹாலில் டியூப்லைட் அம்மா படத்துக்கு மேலேதானே இருக்கிறது, அதற்குக் கீழே ஸ்டூல் போட்டுப் பலகையை வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை அத்தை அதிரசத் தூக்கோடு வந்தாள், பின்னாலேயே சந்தனமும் வந்தான். எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் வாய் திறப்பதற்குள் இரண்டு பேரும் கைகூப்பி நின்றுவிட்டார்கள். சந்தனம் சீஸ் கட்டிகளைப் பார்த்துவிட்டு, எதுக்குண்ணே இம்புட்டுச் சூடம், ஒன்னு போதுமே என்று தீப்பெட்டி தேடுகிறான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம். இது படையல் இல்லை, நீங்கள் தின்பதற்கு வைத்தது என்று சொல்லத்தான் போனேன். சின்னப்பிள்ளை அதற்குள் தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “எல்லாம் வச்சிருக்கீக, மதினிக்குச் சேல எங்கண்ணே?”

உள்ளே போய் அம்மா பீரோவைத் திறந்தேன், ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை. போன தீபாவளிக்கு நீ அனுப்பினாயே மாம்பழக் கலர் சேலை, இளமதி வரும்போதுதான் கட்டுவேன் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து பலகையில் வைத்தேன். வைத்ததும் என் ராஜலட்சுமி செத்துப்போனாள் மகளே. அதுவரை எங்கேயோ போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றுதான் இருந்திருக்கிறேன் போல. தம்பி முன்னால், அடுத்த வீட்டுப் பெண் முன்னால் வாய்விட்டு அழுதேன். கும்பிட்டு முடித்ததும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டார்கள், எனக்கும் கொடுத்தார்கள். சீஸை மட்டும் யாரும் தொடவில்லை.

அம்மா போனபோது நிறைமாதத்தில் நீ விமானம் ஏற முடியாமல் போனதை நான் ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லை, நீயும் நினைக்காதே. ஆனால் நீ அம்மாவைப் பற்றிப் பேசும்போது இன்னும் ‘சொல்லுவாங்க’ என்கிறாயே தவிர ‘சொன்னாங்க’ என்று ஒரு நாளும் சொல்வதில்லை, கவனித்திருக்கிறேன். அடக்கி வைக்காதே, அழுதுவிடு. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டு, நேரத்துக்குச் சாப்பிடு, வேலை எங்கும் ஓடிப்போகாது.

படைத்த சேலையை வீட்டுப் பெண்தான் உடுத்த வேண்டும். யாருக்குக் கொடுக்கப் போறீக என்று சின்னப்பிள்ளை கேட்டாள், என் மகளுக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன். பேத்தியைத் தூக்கிக்கொண்டு தைக்குள் வந்து சேர். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், அம்மாவுக்கும் சேர்த்து நானே ஆசீர்வாதம் செய்கிறேன். மறக்காமல் உன் ரவிக்கை அளவை எழுதி அனுப்பு, தையல்கார முனியாயியிடம் இருப்பது அம்மா அளவுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆத்மநாதன்