மாமன் மச்சான், நேரடி ஒளிபரப்பு

1.12.2003, திங்கள்

காலையிலிருந்து தூறல். அரையாண்டுத் தேர்வுக்கு மேற்பார்வை அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். மதியம் முழுக்க எனக்குத்தான். தலைமையாசிரியர் என்னைவிட ஏழு வருடம் இளையவர். 'உங்க அனுபவத்துக்குத்தான் சார் மதியம் போட்டேன்' என்கிறார். மதியத் தூக்கத்துக்கும் அனுபவத்துக்கும் என்ன சம்பந்தம்? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மாலையில் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்துவிட்டார். ஊருக்குப் புதியவர். கிறிஸ்துமஸ் கலை விழாவை இந்த வருடம் லோக்கல் கேபிளில் நேரடியாகக் காட்டப்போகிறார்களாம். "சார், எல்லாரும் உங்க மாமன் மச்சான் காமெடியத்தான் கேக்குறாங்க. ஆறு வருசமா ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

"நானும் அவனும் பேசுறதில்ல சாமி."

"மேடையில பேசுனாப் போதுமே சார்."

புத்திசாலி என்று நினைப்பு. முடியாது என்று வாயெடுத்தேன். அமலி காபித் தம்ளரை அவர் கையில் கொடுத்துக்கொண்டே, "யோசிச்சுச் சொல்லுவாக சாமி" என்றாள். என் வாயிலிருந்து என்ன வரவேண்டும் என்பதை என் மனைவி சொல்கிறாள்.

3.12.2003

தூக்கம் இல்லை. பழையதெல்லாம் வரிசை கட்டி வருகிறது.

சவரியப்பன் அமலியின் ஒரே தம்பி. கல்யாணமான முதல் வருடக் கிறிஸ்துமஸில் மேடை ஏறினோம். பதினைந்து வருடம் தொடர்ந்தோம். ஒத்திகை கிடையாது. முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் என்ன என்பதை மட்டும் முடிவு செய்துகொள்வோம். நடுவில் அவரவர் சாமர்த்தியம். நான் அவனைக் கேலிக்கு இழுப்பேன், அவன் என்னை இழுப்பான். மாமனும் மச்சானும் ஒருவரை ஒருவர் என்ன சொன்னாலும் குற்றமில்லை, அது முறை. ஊரே அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கும்.

1997-இல் தலைமையாசிரியர் பதவி எனக்கு வரவேண்டியது. நிர்வாகம் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் கிறிஸ்துமஸ். மேடையில் சவரி மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "எங்க மாமாவுக்குப் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் வேலை குடுக்கல. அதுனால வீட்டுல ஹெட்மாஸ்டரா இருக்காக. மணி அடிச்சாத்தேன் சோறு. எங்க அக்காதேன் பியூனு!"

ஊர் சிரித்தது. அதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். முன்வரிசையில் பள்ளி மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதை எப்படிப் பொறுப்பது? அன்றோடு சரி. 'கேலிதானே மாமா' என்று மறுநாள் வாசலில் வந்து நின்றான். நான் கதவைத் திறக்கவில்லை.

5.12.2003

பள்ளியில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 'சார், இந்த வருசம் உண்டாமே?' சாமியார் அறிவித்தேவிட்டாரா?

7.12.2003, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ரெஜினா ஆரம்பித்தாள். பிப்ரவரியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சின்னமனூர். மாப்பிள்ளையின் அம்மா போனில் கேட்டிருக்கிறார்: "தாய்மாமன் யாரு? நிச்சயத்துலயும் காணமே?"

"மாமா வந்து மாலை போடாம நான் கோயில் படி ஏற மாட்டேன்பா. சொல்லிட்டேன்."

"அவன் வரட்டும். நான் என்ன கையைப் பிடிச்சா தடுக்கிறேன்?"

அமலி உள்ளேயிருந்து: "கூப்புடாம வர்றதுக்கு அவன் என்ன காக்காயா?"

பிறகு இறங்கி வந்து பேசினாள். மேடை ஏறினால் பேச்சு தானாக வந்துவிடும், வீட்டு வாசலில் யார் முதலில் பேசுவது என்ற வழக்கே இல்லை, அப்படியே சூட்டோடு கல்யாணத்துக்கு அழைத்துவிடலாம் என்றாள். இதெல்லாம் அவள் யோசனையா, சாமியார் யோசனையா? என்னைச் சுற்றி ஒரு குழுவே வேலை செய்கிறது.

"சரி" என்றேன். அமலியின் முகம் மலர்ந்துவிட்டது. ரெஜினா அப்போதே போனை எடுத்து மாமாவுக்குச் சொன்னாள்.

நான் ஏன் சரி என்றேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

8.12.2003

இங்கே எழுதி வைக்கிறேன். செப்டம்பரில் பழைய கல்லூரி நண்பன் வீடு பால் காய்ச்சுக்குக் கேரள மலைமேல் இருக்கும் கட்டப்பனைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். அங்கே சவரி. தோளில் துண்டு, கையில் எச்சில் தட்டு. மேசை துடைத்துக்கொண்டிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை.

ஊரில் என்ன சொல்கிறான்? ஏலக்காய் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். வரும்போதெல்லாம் தேய்த்த சட்டை, பாக்கெட்டில் பேனா. என் மாமியார் கோயில் வாசலில் நின்று, "எங்க சவரிக்குக் கீழ நாப்பது பேரு வேலை பாக்குறாக" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

மூன்று மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மேடை, மைக், கேபிள், முன்வரிசை. அவன் எனக்குச் செய்ததற்கு இது கூடுதலா? இல்லை. சரிக்குச் சரி.

14.12.2003

கேபிள் சம்சுதீன் கோயில் மைதானத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்தார். "வாத்தியாரே, ஒரே கேமராதேன். ஆனா லோயர் கேம்ப் வரைக்கும் தெரியும். தும்முனாக்கூடத் தெரியும், பாத்துக்கங்க."

தெரியட்டும்.

முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் அமலி வழியாகப் போய் வந்தன. முதல் பேச்சு என்னுடையது: 'வாங்க மச்சான், மலையில குளிர் எப்படி?' கடைசிப் பேச்சு வழக்கம்போல் அவனுடையது. கடைசி அடி மச்சானுக்கு என்பது எங்கள் பழைய ஒப்பந்தம். பதினைந்து வருடமும் அதை அவனுக்கே விட்டுக்கொடுத்தேன். இந்த முறை இல்லை. சொல்லிவிட்டுக் கும்பிட்டு இறங்கிவிடுவேன்.

19.12.2003

ஒரு வரியை நூறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். விடைத்தாள் திருத்தும்போதும் வாய் முணுமுணுக்கிறது. ஒரு பையனுக்கு இரண்டு முறை மதிப்பெண் கூட்டினேன்.

23.12.2003

சவரி வந்துவிட்டானாம். மாமியார் வீட்டில் நட்சத்திரம் கட்டுகிறானாம். ரெஜினா போய்விட்டு வந்து, "மாமா உங்கள ரெண்டு தடவ விசாரிச்சாரு" என்றாள். நாள் முழுக்க வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். எதற்கு விசாரிக்கிறான்?

25.12.2003

இன்று மாலை ஏழு மணிக்கு. சட்டை தேய்த்தாயிற்று.

சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும். மேலாளரும் வருகிறார்.

26.12.2003, வெள்ளி

நடந்ததை நடந்தபடி.

இறக்கை கட்டிச் சம்மனசு வேடமிட்ட குழந்தைகளின் நடனம், இன்னிசைக் குழுவின் நான்கு பாட்டு, பலூன் வயிற்றோடு கிறிஸ்துமஸ் தாத்தா. பிறகு நாங்கள். மேடையில் ஏறியதும் மைதானம் முழுக்க விசில். ஆறு வருடத்துக்குப் பிறகு அவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். காதோரம் நரைத்துவிட்டது.

"வாங்க மச்சான், மலையில குளிர் எப்படி?"

"குளிரா? ஊதுனா ஐஸ்கிரீமா விழுகுது மாமா. அங்கன கோழி முட்டை போடுறதில்ல, ஐஸ்கட்டிதேன் போடுது."

இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் பேட் வாசிக்கும் ஒச்சாண்டி ஒவ்வொரு ஜோக்குக்கும் ஒரு அடி போடுவார்: ட்ர்ர்ர்-டிஷ்! அந்தச் சத்தம் வந்தால்தான் கூட்டம் சிரிக்கும். பழக்கம் அப்படி. பத்து நிமிடம் பழையபடி ஓடியது. உண்மையைச் சொன்னால், நன்றாகவே ஓடியது. ஒரு கட்டத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சவரி அதைப் பார்த்தான். அவன் கண்ணில் ஏதோ ஒன்று... அதை எழுத வேண்டாம்.

முன்வரிசையில் மேலாளர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மைக்கை நெருக்கிப் பிடித்தேன்.

"ஏப்பா மச்சான், எஸ்டேட் சூப்பர்வைசர்னு சொல்லிக்கிட்டுத் திரியுற. கட்டப்பனை பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல எச்சி மேசை துடைக்கிறத என் கண்ணால பாத்தேனே!"

ட்ர்ர்ர்-டிஷ்!

மைதானம் குலுங்கியது. யாரும் நம்பவில்லை. ஒருவர்கூட நம்பவில்லை. மாமன் மச்சானைச் சொல்கிறான், இருப்பதிலேயே பெரிய புளுகு, கைதட்டு. நான் கும்பிட்டு இறங்க மறந்து நின்றேன்.

சவரி மைக்கை வாங்கினான்.

"ஆமா மாமா. நானும் உங்களப் பாத்தேன். மூணாவது மேசை. நான் பாத்துருவேன்னு பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறச்சீகள்ல? மலையாளப் பேப்பரு! அதுவும் தலகீழா!" கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "எங்க மாமா எம்.ஏ. படிச்சவுகல்ல, தலகீழா வச்சே மலையாளம் படிப்பாக!"

டிஷ்! டிஷ்! ஒச்சாண்டி எழுந்து நின்று அடித்தார். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது நடந்ததுதான். மேசைமேல் கிடந்த பேப்பரை எடுத்து மறைத்துக்கொண்டேன். தலைகீழாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, பார்க்காதவனாக எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். எனக்காகவா, அவனுக்காகவா?

முடிவுப் பாட்டில் என் தோளில் கைபோட்டுக்கொண்டு ஆடினான். கேமரா எங்கள் மேலேயே இருந்தது. மேடைப் படி இறங்கியதும் கையை எடுத்துவிட்டான். கல்யாணத்துக்கு அழைக்க வாயைத் திறப்பதற்குள் இருட்டில் நடந்துவிட்டான்.

27.12.2003

கடைத்தெருவில் கை கொடுக்கிறார்கள். "சார், அந்த சப்ளையர் ஜோக்கு! வயிறு வலிச்சுப்போச்சு."

அமலி சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். கேட்டதற்கு ஒருமுறைதான் பேசினாள்: "அவன் அங்கன என்ன வேலை பாக்குறான்னு எனக்கு நாலு வருசமாத் தெரியும். அம்மாவுக்குத்தேன் தெரியாது. டி.வி.க்கு முன்னால உக்காந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஊருக்கு அது ஜோக்கு. பெத்தவளுக்குமா?"

"அத்தை என்ன சொன்னாக?"

"டி.வி.ய அமத்திட்டுப் போய்ப் படுத்துருச்சு."

சவரி காலை முதல் பஸ்ஸில் மலையேறிவிட்டான்.

29.12.2003

சம்சுதீன் தினமும் இரண்டு முறை மறுஒளிபரப்புச் செய்கிறார். கேபிள் ஆபீசுக்கே போய்ச் சொன்னேன்: "பாய், போதும், நிறுத்துங்க."

"என்ன வாத்தியாரே, நேயர் விருப்பமே அதுதேன். சின்னமனூர்ல உங்க சம்பந்தி வீட்டுல இருந்து போன் போட்டு இன்னொரு தடவ கேட்டாக!"

எதிர் டீக்கடை டி.வி.யில் நான் கை நீட்டி அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

1.1.2004

புத்தாண்டுப் பூசை. மாமியார் வரவில்லை.

18.1.2004, ஞாயிறு

ரெஜினாவின் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, இன்று பூசையில் வாசித்தாயிற்று. இன்னும் தாய்மாமனை அழைக்கவில்லை. அமலியைக் கூப்பிட்டேன். "பேசுனது நீங்க. அழைக்கிறதும் நீங்களே போய் அழைங்க" என்றாள்.

24.1.2004, சனி

கட்டப்பனை போய்வந்தேன். கம்பம்மெட்டு ஏறும்போது தலைசுற்றல், வயது.

அதே ஓட்டல். பையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை. மூன்றாவது மேசையில் ஆள் இருந்தது. வாசலோரம் உட்கார்ந்தேன். சவரி வந்தான். தண்ணீர் தம்ளரை வைத்தான்.

"என்ன சாப்புடுறீங்க சார்?"

பக்கத்தில் வேறு சப்ளையர்கள் இருந்தார்கள். அதனால் சார் என்கிறான் என்று நினைத்தேன். அவர்கள் நகர்ந்ததும், "சவரி" என்றேன்.

"சொல்லுங்க சார்."

"ரெஜினா கல்யாணம். நீதான் முன்ன நின்னு..." தாம்பாளத்தை எடுத்தேன்.

"கை ஈரமா இருக்கு. மேசையில வச்சிருங்க." தோள் துண்டால் மேசையைத் துடைத்தான். "பிள்ளைக்குச் செய்ய வேண்டியத நான் செஞ்சுருவேன். அக்காகிட்டச் சொல்லிருங்க."

அவன் திட்டுவான் என்று நினைத்து வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றும் செலவாகவில்லை. அப்படியே திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன்.

10.2.2004, செவ்வாய்

கல்யாணம் நேற்று நல்லபடியாக நடந்தது.

சவரி முந்தின நாளே வந்துவிட்டான். சேலை, மோதிரம், மாலை, வாழைத்தார், பழத்தட்டுகள். மேளத்தோடு வந்து ஊர் மெச்சச் செய்தான். மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். எத்தனை பேருக்கு மேல் அவன் அதிகாரி என்று இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. ரெஜினா மாமன் போட்ட மாலையோடு படி ஏறினாள். சம்பந்தியம்மாள் என்னிடம், "டி.வி.ல பாத்த மாதிரியே இருக்காக உங்க மச்சான்" என்று சிரித்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் ஆள் பற்றவில்லை. சவரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே பரிமாற இறங்கிவிட்டான். என் இலைக்கும் வந்தான். "பிரியாணி இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்றான். எல்லோருக்கும் கேட்பதுபோல. "போதும்" என்றேன்.

ஒச்சாண்டியின் குழுதான் கச்சேரி. பாட்டுக்கு நடுவே அவர் மைக்கில் கூப்பிட்டார்: "ஏலே சவரி! பொண்ணப் பெத்தவுக இங்கன உக்காந்து பிரியாணி திங்குறாக. மாமன ரெண்டு இழு பாப்போம்!"

மண்டபம் முழுக்க விசில். மைக்கைக் கொண்டுவந்து அவன் வாயருகே நீட்டினார்கள். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். நானும்தான்.

"வேணாம்ணே. அவுக பெரியவுக."

ஒச்சாண்டி அடிக்கக் கையை ஓங்கியபடி காத்திருந்தார். அடுத்து ஏதோ வரப்போகிறது என்று எல்லோரும் பாதிச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சவரி குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.